நுண்புழைச் சுவரும் புரதமும்

மின்னூட்டமுற்ற துகள்கள் மின்புலத்தில் தத்தம் ஊட்டத்திற்கும் உருவளவிற்கும் ஏற்ற விரைவில் நகர்ந்து பிரிவதே மின்புலப் பெயர்ச்சி. அதனை உருக்கிய சிலிக்காவாலான மெல்லிய குழலுக்குள் நிகழ்த்துவது நுண்புழை மின்புலப் பெயர்ச்சி. 1981இல் அமெரிக்க வேதியியலாளர்களான சோர்கன்சனும் இலூகாக்சும் 75 மைக்ரோமீட்டர் உள்விட்டமுள்ள குழலில் 30,000 வோல்ட்டு வரை செலுத்திக் காட்டிய பின்னரே இம்முறை வேரூன்றியது.

குழல் மெலிந்திருப்பதால் வெப்பம் விரைந்து வெளியேறும். அம்மெலிவே சுவரின் ஆட்சியையும் பெருக்கிவிடுகிறது. கரைசலின் காடிகாரச் சுட்டெண் ஏறத்தாழ 3ஐக் கடந்ததும் சுவரின் சிலானால் தொகுதிகள் எதிர்மின்னூட்டம் கொள்ளத் தொடங்கும். அவற்றையொட்டி நேரயனிகள் திரண்டு மின் இரட்டை அடுக்காகும். மின்புலம் அவ்வயனிகளை இழுக்க, கரைசல் முழுதும் எதிர்மின்முனை நோக்கி ஒழுகும்.  

புரதத்தின் நேரூட்டப் பகுதிகளை அதே சுவர் பற்றிக்கொள்கிறது. இப்பரப்புக் கவர்ச்சியால், உணர்கருவியின் பதிவில் புரதம் காட்டும் கூரிய முகடு வால் நீண்டு சரியும். சுவரின் ஊட்டம் மாறுவதால் அடுத்த ஓட்டத்தின் நேரமும் பிறழும்.

இதனைத் தவிர்க்கக் கரைசலைத் திருத்தலாம், அல்லது சுவரை மூடலாம். கரைசலில் உப்பைக் கூட்டினால் பற்று தளரும். ஆயின் மின்னோட்டம் பெருகிக் குழல் சூடேறும். காடித்தன்மையை மிகுத்தால் சுவர் ஊட்டமிழக்கும். மென்மையான புரதங்கள் அங்கே உருக்குலையும். காரத்தன்மையை மிகுப்பது எளிமையில் ஈடற்ற வழி. குருதியின் ஈமோகுளோபின் சுட்டெண் 7ஐ அடுத்து நிகர ஊட்டமற்றிருக்கும், 9.4இல் அதுவும் எதிரூட்டம் பெறுவதால் சுவர் அதனை விலக்கும். மருத்துவ ஆய்வகங்களில் ஈமோகுளோபின் வகைகளைப் பிரிக்கும் நுண்புழைக் கருவிகள் இந்நிலையில் இயங்குகின்றன. பீட்டா தாலசீமியா என்னும் மரபுவழிக் குருதிக் குறைபாட்டின் கூற்றைத் தாங்குவோரிடம் ஈமோகுளோபினின் ஏ2 வகை பெரும்பாலும் 3.5 விழுக்காட்டை விஞ்சும். அத்துணைச் சிறு முகடு வால் நீண்டு கரைந்தால் அளவீடு பொய்க்கும்.

முட்டை வெண்கருவின் லைசோசைமோ சுட்டெண் 11ஐ நெருங்கும்வரை நேரூட்டத்தை விடாது. அதற்குச் சுவரை மூடுவதே முறை. சுவீடன் அறிஞர் யெர்ட்டேன் 1985இல் பாலிஅக்ரைலமைடு இழைகளைச் சுவரோடு பிணைத்து மெல்லிய போர்வையாக்கினார். புரதம் ஒட்டுவது குறைந்தது. கரைசலின் ஒழுக்கும் ஏறத்தாழ நின்றது. ஒழுக்கற்ற குழலில் நேரூட்டப் புரதமும் எதிரூட்டப் புரதமும் எதிரெதிர் முனைகளுக்குச் செல்வதால், ஒரு முனையருகே அமைந்த உணர்கருவி ஒரே ஓட்டத்தில் இரண்டையும் காணாது.