எல்லை கடக்கும் விளையாட்டுகள்



ஒரு நூல் யப்பானிலிருந்து அமெரிக்கா செல்லும்போது மொழி மாறுவதை நாம் இயல்பெனக் கொள்கின்றோம். வீடியோ விளையாட்டோ மொழியை மாத்திரமன்றி வேகத்தையும், உருவத்தையும், சில வேளைகளில் முழு உள்ளடக்கத்தையுமே மாற்றிக்கொண்டு எல்லை கடந்து வந்துள்ளது. இது ஏன்?

பழைய தொலைக்காட்சிப் பெட்டியிலே ஒரு காரணத்தைக் காணலாம். யப்பானிலும் அமெரிக்காவிலும் அதன் திரை செக்கனுக்கு 60 முறை வரையப்பட்டது. ஐரோப்பாவில் 50 முறை. அந்நாளைய விளையாட்டுகள் பல, திரை வரையப்படுந்தோறும் ஓரடி முன்செல்லுமாறு அமைக்கப்பட்டவை. ஆகவே, திருத்தமின்றி ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டவை ஏறக்குறைய ஆறிலொரு பங்கு வேகம் குன்றின. 1991 இல் வெளிவந்த சோனிக் என்னும் விளையாட்டுக்குப் புகழே ஓட்டந்தான். ஐரோப்பியச் சிறுவர்க்கு வாய்த்ததோ சற்றே தளர்நடை போட்ட சோனிக்! இசையும் உடன் தளர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாதோர் அதனையே உண்மை வேகமெனக் கொண்டிருப்பர்.

சட்டமும் பதிப்பை மாற்றுகின்றது. ஜேர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவிற் காட்டுதல் குற்றமாகும். கலை என்ற வகையில் திரைப்படத்துக்குக் கிடைத்த விலக்கு, விளையாட்டுக்கு 2018 வரை நடைமுறையிற் கிட்டவில்லை. அதனால் நாஜிகளை எதிர்த்துப் போராடும் விளையாட்டுகளிலேயே அச்சின்னங்கள் நீக்கப்பட்டன. 2017 இல் வெளிவந்த வுல்ஃபென்ஸ்டைன் விளையாட்டின் ஜேர்மன் பதிப்பிலே ஹிட்லரின் மீசைகூட மழிக்கப்பட்டது. சட்டத்தின் நோக்கம் நன்றே. ஆயினும் இவ்விளைவைக் கண்டு நகையாதிருத்தல் அரிது.

மின்னமைப்பும் சட்டமும் தவிர்க்கவொண்ணாதவை. மக்களின் திறமை பற்றி வணிகர் செய்யும் ஊகம் அத்தகையதன்று. 1986 இல் நிண்டெண்டோ நிறுவனம் யப்பானில் வெளியிட்ட இரண்டாவது மரியோ விளையாட்டு அமெரிக்கருக்கு மிகக் கடினமெனக் கருதப்பட்டது. ஆதலால், 1987 இல் வந்த வேறொரு யப்பானிய விளையாட்டை எடுத்து, பாத்திரங்களை மாற்றி, 1988 இல் அதனையே இரண்டாவது மரியோ என அமெரிக்காவில் விற்றனர். மறுக்கப்பட்ட மூல விளையாட்டு 1993 இலேயே அமெரிக்கரை அடைந்தது. ஆடுவோர் தாமே தோற்றறிய வேண்டிய ஒன்றை, அவர்க்காக வேறொருவர் முன்கூட்டித் தீர்மானித்தல் முறையோ? மாற்றாகக் கிடைத்தது சோடைபோகவில்லை என்பதும் உண்மையே; 1992 இல் அது 'சூப்பர் மரியோ யூ.எஸ்.ஏ.' என்ற பெயருடன் யப்பானுக்கே திரும்பிச் சென்றது.

வெளிநாட்டுப் பதிப்பை வருவித்து ஆடலாமே எனின், அதற்கும் பூட்டிட்டனர். ஒரு பிரதேசத்துக்குரிய விளையாட்டு மற்றப் பிரதேசத்துப் பொறியில் இயங்காதவாறு பல பொறிகள் செய்யப்பட்டன; விலையையும் வெளியீட்டு நாளையும் நாட்டுக்கு நாடு வேறாக வைத்திருக்க இது நிறுவனங்களுக்கு உதவிற்று. 2017 இல் வந்த சுவிட்ச் பொறியில் நிண்டெண்டோ அப்பூட்டைப் பெரும்பாலும் கைவிட்டது.