ட்வீட்டருக்கு ஒரு காவல்

போவன்பள்ளியில் கோடை மழை தூறத் தொடங்கினாலே முதலில் போவது கரண்ட்தான். அப்படி ஒரு மாலை கரண்ட் போய் அரை நிமிடத்தில் திரும்பியது. ஆம்ப்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழித்தன. ‘டப்’பென்று ஒரு சத்தம். அதன்பின் இடப்பக்கத்தில் ஜால்ராவே கேட்கவில்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன்: ட்வீட்டரின் காயில் அறுந்திருந்தது.

கடையில் வாங்கும் சாதாரண ஸ்பீக்கர் பெட்டியில் இப்படி எளிதில் நடக்காது. உள்ளே ஒலியைப் பிரிக்கும் கிராஸ்ஓவரில் ட்வீட்டருக்கு முன்னால் ஒரு கெப்பாசிட்டர் நிற்கிறது. டிசியை அது விடாது, பேஸையும் பெரும்பாலும் மறித்துவிடும். என்னுடையது ஆக்டிவ் முறை. இதில் ஒலியைப் பிரிக்கிற வேலை ஆம்புக்கு முன்பே, டிஎஸ்பி என்ற டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸரில் முடிந்துவிடுகிறது. பிறகு ஒவ்வொரு டிரைவருக்கும் தனி ஆம்ப், நேர் வயர். வூஃபரின் ஆம்ப் திணறிக் கிளிப் ஆனாலும் அந்த அழுக்கு ட்வீட்டருக்குப் போகாது என்பது இதில் உண்மையான லாபம். ஆனால் கெப்பாசிட்டரை எடுத்தபோது காவலையும் சேர்த்தே எடுத்துவிட்டோம். டிஎஸ்பி தவறான செட்டிங்கோடு எழுந்தாலும், வயரை மாற்றிச் சொருகினாலும், அடி நேரே அந்த மெல்லிய காயிலுக்குத்தான். ட்வீட்டரின் மேல் ‘100 வாட்’ என்று போட்டிருக்கும். கிராஸ்ஓவர் வழியாக வரும் பாட்டைக் கணக்கில் வைத்துச் சொல்வது அது. இடைவிடாமல் சில வாட் கொடுத்தாலே காயில் கொதிக்கும்.

எனவே ஒரு கெப்பாசிட்டரைத் திரும்ப வைத்துவிடுங்கள். 8 ஓம் ட்வீட்டர், 2,500 ஹெர்ட்ஸில் பிரிக்கிறோம் என்றால் 47 மைக்ரோஃபாரட் பாலிப்ரொப்பிலீன் வகை பொருந்தும். அதன் வெட்டு அதிர்வெண் சுமார் 420 ஹெர்ட்ஸில் விழும். பிரிப்பிலிருந்து இரண்டு ஆக்டேவுக்கும் கீழே. ஒலியில் சிறு மாற்றம் வரும், அதை அளந்து டிஎஸ்பியில் சரிசெய்யலாம். ‘கெப்பாசிட்டர் ஒலியைக் கெடுக்கும்’ என்று வாதாடுபவர்களுக்கு என் பதில், அறுந்த காயில் ஒலியே தராது.

வூஃபர் கதை வேறு. அதற்குக் கெப்பாசிட்டர் வைத்தால் பேஸே போய்விடும். அங்கே பயம் ஆம்பின் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆவது. 40 வோல்ட் டிசி 6 ஓம் காயிலில் இறங்கினால் சுமார் 267 வாட் வெறும் சூடு. கோன் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்க, கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வரும். இதற்குத்தான் ரிலே வைத்த ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு. யுபிசி1237 என்ற பழைய ஐசியை வைத்துச் செய்யும் போர்டுகள் உண்டு. ஆம்ப் போட்டதும் சில விநாடி பொறுத்துத்தான் ரிலே ஒட்டும், டிசி தெரிந்தால் விலகும். டிசியை அறுக்கும்போது முனைகளில் நெருப்புப் பொறி பறக்கும் என்பதால் ரிலேயில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

சுவிட்ச் போடும்போது டிஎஸ்பி முதலில், ஆம்ப் கடைசியில், அணைக்கும்போது தலைகீழ். கரண்ட் போனால் எழுந்து போய் ஆம்பின் சுவிட்சை அணைத்துவிடுவேன், திரும்பி வந்ததும் அது தானாக விழிக்கக் கூடாது.

செட்டிங் மாற்றிய நாளிலும் வயரைத் தொட்ட நாளிலும் ட்வீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பழைய டிவி ஸ்பீக்கர் ஒன்றை மாட்டி, வால்யூமை அடியில் வைத்துக் கேட்பேன். அதில் மிருதங்கத்தின் தொப்பி முழங்கினால் வயரோ செட்டிங்கோ மாறியிருக்கிறது.