இழுவண்டி வீட்டிற்கு ஏற்ற அடிச்சட்டம்

குலதெய்வத்திற்குப் பொங்கலிடச் சென்ற நம் முன்னோர், கூண்டு வண்டியிலே பாய், பானை, அரிசி மூட்டை யாவற்றையும் ஏற்றிக்கொண்டு புறப்படுவர். ஆற்றங்கரைத் தோப்பில் வண்டியை அவிழ்த்துப் போட்டுச் சமைத்துண்டு, வண்டியிலும் வண்டியடியிலுமாகத் துயில்வர். அதே வசதியை ஜீப்பின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடாகத் தாமே அமைத்துக்கொள்ள விழையும் அன்பர்கள் நம் சங்கத்தில் சிலர் உளர். அவர்களுடன் நாமும் சேர்ந்து சில மாதங்களாக அடிச்சட்டம் தேடியதில் கண்டவற்றை இங்கே கூறுகிறோம்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்க்கு விடை எளிது. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, மறையூர் வழியாக மூணாறு சென்று, போடிமெட்டு இறங்கிப் போடிநாயக்கனூர் சேர்வது நம் போன்றோர் பலர் ஆண்டுதோறும் உறவினரைக் காணச் செல்லும் வழி. இடுக்கி மாவட்டத்தில் இருப்புப்பாதை இல்லை. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு ரயிலையும் 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் கொண்டுபோயிற்று. போடிக்கு 2023 ஜூனில் அகலப்பாதை ரயில் வந்தது மகிழ்ச்சியே. ஆயினும் அது மலையேறி எஸ்டேட்டுக்கு வாராது. அங்கே சிறு லயத்து வீட்டில் வாழும் உறவினரிடம் ஐவராகப் போய் இறங்கினால், அவர்கள் தம் பாயை நமக்கு விரித்துவிட்டுத் தாம் அடுப்படியில் முடங்குவர். விடுதிச் செலவோ குமாஸ்தா சம்பளத்திற்கு அடங்காது.

சர்க்கார் தரப்பிலும் முயற்சிகள் உண்டு. மூணாறு டெப்போவில் பழைய பஸ்களைப் படுக்கை அறைகளாக்கி, இரவுக்கு 100 ரூபாய் வாடகையில் 2020 நவம்பரில் கேரளப் போக்குவரத்துக் கழகம் தந்தது. 2021-இல் ‘கேரவன் கேரளா’ என்னும் கொள்கை அறிவிக்கப்பட்டு, 2022 பிப்ரவரியில் வாகமண்ணில் முதற் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. எனினும் இவை சுற்றுலாச் செல்வோரை நோக்கியவை. உறவினர் வாசலில் இரண்டு நாள் தங்குவோரை நோக்கியவை அல்ல.

வீட்டு வண்டி என்றவுடன் ஜன்னல் திரையையும் அடுப்பு மேடையையும் பற்றிப் பேசத் தொடங்குகிறோம். அவை பின்னர் வருபவை. முதலில் வேண்டுவது சட்டமே. இங்கிலாந்தில் 1885-இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் டாக்டர் உல்லாசப் பயணத்துக்காக இரு குதிரை பூட்டிய வீட்டு வண்டி செய்வித்தபோது, அவர் நாடியது ரயில் வண்டிகள் கட்டிய பிரிஸ்டல் நகரத்துக் கம்பெனியையே. ரயில்வேக்காரராகிய நமக்கு இதில் சிறிது பெருமை உண்டு. அமெரிக்காவில் வாலி பயம் என்பவர் 1920-களில் பழைய ஃபோர்டு காரின் சேஸிஸ்மீது கூடாரம் அமைத்துத் தொடங்கினார். அதுவே பிற்காலத்தில் ஏர்ஸ்ட்ரீம் என்று பெயர் பெற்ற வண்டிகளுக்கு வித்தாயிற்று.

நாம் முதலில் பார்த்தது கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து டிராக்டர் டிரெய்லர் ஒன்று. சித்தூர் தாலுகாவில் இவை மலிந்துள்ளன, விலையும் குறைவு. ஆனால் இது நமக்கு ஆகாது. டன் கணக்கில் செங்கல்லும் கரும்பும் சுமக்க அமைந்த ஸ்பிரிங், 600 கிலோ வீட்டிற்கு வளைந்தே கொடாது. குழியில் விழும்போதெல்லாம் பலகைகளின் பூட்டு கழன்றுவிடும். டிராக்டரின் பின்புறம் மண்ணில் நன்கு அழுந்தவேண்டும் என்பதற்காக அச்சை மிகவும் பின்தள்ளி வைத்திருப்பர். அந்தப் பாரம் ஜீப்பின் முதுகை ஒடிக்கும். தனிப் பிரேக்கும் பெரும்பாலானவற்றில் இல்லை.

இரண்டாவது, உடும்பஞ்சோலை தாலுகாவில் ஓர் ஏலத்தோட்டத்துக் கொட்டகையில் கிடந்த ஜீப் டிரெய்லர். மூலைக்கு மூலை நூல் பிடித்தோம். இரு குறுக்களவும் ஒன்றாக இருந்தன. இணைப்புக் கொக்கியிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் நூல் பிடித்தோம், அவையும் ஒத்திருந்தன. ரயில்வே பரிசோதகர் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டுவதுபோல் ஸ்பிரிங் தாங்கிகளையும் வெல்டிங் இணைப்புகளையும் தட்டினோம். விரிசல் இருந்தால் எழும் செத்த ஓசை எங்கும் எழவில்லை. குறுக்குச் சட்டங்களின் உட்புறத்தில்கூடத் துரு மேலோட்டமாகவே இருந்தது. ஆசை பிறந்துவிட்டது. ஆனால் ஆர்.சி. புத்தகம் இல்லை, எண் பொறித்த தகடும் பெயர்க்கப்பட்டிருந்தது. “மலையில் யார் கேட்கப் போகிறார்கள்?” என்றார் விற்பவர்.

கேட்பார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இழுவண்டியும் மற்ற வண்டிகளைப் போலவே பதிவு பெறவேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் அதன்மேல் தெரியவேண்டும். பதிவான வண்டியைத் தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து மாறுபடும்படி மாற்றலாகாது என்பது அச்சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. ஆகவே சாமான் டிரெய்லர்மீது வீடு கட்டுவதாயினும் ஆர்.டி.ஓ. ஆபீசில் முன்கூட்டிக் கேட்டறிதல் வேண்டும். பதிவில்லாத வண்டியால் வளைவில் எதிரே வந்தவர் ஒருவர் அடிபட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க இடமுண்டு. பிறகு நம் வீடு, நகை, பிராவிடண்ட் பண்டு யாவும் எதற்குப் போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆசையை அங்கேயே விட்டுத் திரும்பினோம்.

காயலான் கடைகளிலும் (நம் பக்கத்தில் ஆக்ரிக் கடை என்பர்) தேடலாம் என்று கோயமுத்தூர் உக்கடம் வரை சென்றதுண்டு. அச்சும் சக்கரமும் ஏராளம். காகிதம் எதற்கும் இல்லை.

இனி எடை. நம் நாட்டு வகைப்பாட்டில் மொத்த எடை 750 கிலோவுக்கு மேற்படாத இழுவண்டி டி-1 எனப்படும். ஐரோப்பாவிலும் இவ்வளவுக்கு மேற்பட்டால் தனிப் பிரேக் கட்டாயம். நாம் போட்ட கணக்கு: சட்டமும் அச்சும் சக்கரமும் 200 கிலோ, பிளைவுட் கூடு 250, படுக்கை, பாத்திரம், சிலிண்டர் 100, நீர் 50 லிட்டர் என்றால் 50 கிலோ. ஆக 600. இந்தப் பாரத்தைப் பரப்புவதில் வண்டிக்காரர் அறிவே நமக்கும் வழிகாட்டி. முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோவதுபோல் ஜீப்பின் பின்புறம் அமிழ்ந்து முன்சக்கரங்கள் பிடிப்பிழக்கும். பின்பாரம் மிகுந்தால் கொக்கி மேலெழும்பி, வேகத்தில் வண்டி வாலாட்டும். இது முன்னதிலும் கொடிது. மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு, அதாவது 60 கிலோ, கொக்கிமேல் நிற்பது பொதுவான அளவு. அச்சு நடுவிலிருந்து சற்றுப் பின்னே அமைந்த சட்டமாயின் இது எளிதில் வாய்க்கும். சாமான் ஏற்றியபின் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கொக்கி முனையை மூட்டைத் தராசின்மீது வைத்து நிறுத்துப் பார்க்கலாம்.

பாலக்காட்டுக் கணவாயின் சமவெளியில் பக்கக் காற்றுக்குத்தான் அஞ்சவேண்டும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலோ இறக்கமே சோதனை. பின்வண்டி முன்வண்டியைத் தள்ளும். வளைவில் அதன் சக்கரம் உட்புறமாக அறுத்துச் செல்லும். ஆகவே, 750 கிலோவுக்கு உட்பட்டதாயினும், முன்வண்டி தாமதிக்கும்போது கொக்கியின் அழுத்தத்தால் தானே பிடிக்கும் பிரேக் அமைந்த சட்டத்தையே கேட்டிருக்கிறோம். ஓடும்போது உள்ளே ஒருவரும் இருத்தலாகாது. குழந்தை உறங்கினாலும் ஜீப்பில்தான் உறங்கவேண்டும்.

முடிவில், பதிவுக்குரிய சான்றுகளுடன் புதிய சட்டம் செய்து தரும் பட்டறை ஒன்றில் சொல்லி வைத்துள்ளோம். பழையதற்குக் கேட்ட விலையைப்போல் இரு மடங்கு. சங்க அன்பர் இருவர் கூடச் சேர்ந்து மூன்றாக வாங்குவதால் சிறிது தள்ளுபடி உண்டு. அச்சைச் சற்று வளைத்துத் தளத்தைத் தரையிலிருந்து 18 அங்குலத்திற்கு இறக்கித் தருவதாகப் பட்டறைக்காரர் இசைந்திருக்கிறார். முழங்கால் வலியுள்ள எம் அன்னையார்க்கு ஒரே படி போதும். லயத்து முற்றத்தில் இரண்டு இரவு நிறுத்த எஸ்டேட் ஆபீசில் முன்கூட்டி அனுமதி கேட்கும்படி உறவினர்க்கு எழுதியுள்ளோம். வண்டி 10 அடி, முன்நீட்டத்தோடு 14 அடி என்ற அளவையும் குறித்திருக்கிறோம்.