உங்களுக்குத் தெரியுமா? கைக்குள் ஓர் ஓடம்!

ஆற்றைக் கடக்க ஓடம். பாவுக்குள் ஊடை நூலைக் கடத்தவும் ஓடம்தான்! தறி நாடாவுக்கு நம் பழைய அகராதிகள் தரும் இன்னொரு பெயர் அது. ஜெர்மன்காரர்களும் நாடாவைக் ‘குட்டிக் கப்பல்’ என்றே சொல்கிறார்கள்.

தறியே தேவைப்படாத நாடாவும் உண்டு. விரல் நீளம்தான் இருக்கும். டாட்டிங் என்னும் முடிச்சு லேஸ் போடுவதற்கானது. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அதைத் தந்தம், ஆமை ஓடு, சிப்பி, வெள்ளி எனப் பலவற்றிலும் செய்தார்கள். இன்று அவற்றைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது முனையைத்தான். இரு தகடுகளும் முனையில் ஒட்டி நின்றால் டாட்டிங் நாடா. வாய் திறந்து, அளவும் பெரிதாக இருந்தால் அதற்கும் முந்தைய முடிச்சுக் கயிறு வேலைக்கானது. 1760 வாக்கில் ரேனால்ட்ஸ் தீட்டிய ஆல்பமார்ல் சீமாட்டியின் ஓவியத்தில் அவர் கையில் இருப்பது இந்த இரண்டாவது வகை.

தந்தம் போலவே தெரியும் பழைய நாடாவை உள்ளங்கையில் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். சூடம் மணத்தால் அது செல்லுலாய்டு. கற்பூரம் சேர்த்துச் செய்த பொருள். சட்டென்று தீப்பிடிக்கும், விளக்கருகே வைக்க வேண்டாம். தந்தமோ அழுங்காமை ஓடோ என்றால் நம் நாட்டில் வாங்குவதும் விற்பதும் குற்றம்.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். காஞ்சிப் பட்டில் கரையையும் உடலையும் இணைத்து நெய்யும் கோர்வைக்கு மூன்று நாடாக்கள்: இரண்டு கரைகளுக்கு இரண்டு, உடலுக்கு ஒன்று. சேலையின் அகலத்துக்கு ஒருவர் கை எட்டாததால் ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து அந்தப் பக்கத்து நாடாவைத் தள்ளுவார். உடல் நூலும் கரை நூலும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொண்டு திரும்புகின்றன. ஒரு முறைகூட விடாமல், சேலை உடலின் நீளம் முழுக்க! பீரோவில் இருக்கும் கோர்வைச் சேலையைப் புரட்டி அந்த இணைப்பை விரலால் தடவிப் பாருங்கள். எத்தனை ஆயிரம் தடவை அந்த மூன்று நாடாக்களும் போய் வந்திருக்கும்!

கயிற்றை இழுத்தால் தானே பாயும் விசை நாடாவுக்கு ஜான் கே காப்புரிமை பெற்ற ஆண்டு 1733. அதைத் தமிழக நெசவாளர்களிடம் பரப்ப, ஆங்கிலேய அதிகாரி ஆல்பிரெட் சாட்டர்டன் 1906-இல் சேலத்தில் ஒரு நெசவுச்சாலையையே தொடங்கவைத்தார். ஆனால் மரபான கோர்வைக்கு இன்றும் கைநாடாதான்.

வெள்ளி நாடாவைக் கண்ணாடிப் பேழையில் வைக்கிறார்கள். நம் ஊரில் குழித்தறியைப் பிரிக்கும்போது நாடா விறகோடு போய்விடுகிறது. எனக்கு மனம் ஆறவில்லை. உத்திரமேரூர்ப் பக்கம் ஏதாவது வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால் வார்னிஷ் அடித்துவிடாதீர்கள். விரல் பட்டுப் பட்டு ஏறிய பளபளப்பு போய்விடும். துணியால் துடைத்து, அதில் யார் நெய்தார், எந்தத் தெருவில் நெய்தார் என்று ஒரு சீட்டில் எழுதி நூலால் கட்டி வையுங்கள்.