ஜீப்புக்கு அளவெடுத்துக் கதவு தைக்கிறார்கள்!

டெல்லி மயூர் விஹார் ஃபேஸ் ஒன்னில், உத்தர குருவாயூரப்பன் கோயிலிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டு வாசலில் கதவே இல்லாத ஜீப் நிற்கிறது. பக்கத்தில் அதன் சொந்தக்காரர், பணி ஓய்வு பெற்ற தமிழர். வண்டிக்குள் தலையை விட்டபடி, காதில் சாக்பீஸ் செருகிய குஷன் மாஸ்டர். இன்றைக்கு இந்த ஜீப்புக்குத் துணிக் கதவு தைக்கிறார்கள். கூடவே நின்று பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. விடுவேனா!

வண்டி, மஹிந்திரா சிஜே-3பி. 1949இல் மும்பை மசகானில் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகம் பாகமாக வரவழைத்துப் பூட்டத் தொடங்கிய மஹிந்திரா, பிறகு இங்கேயே தயாரித்த மாடல். இதன் எஃப்-ஹெட் இன்ஜின் உயரமானது. அதற்கு இடம்விடத்தான் பானெட் அப்படித் தூக்கலாக இருக்கிறது. என்ன அழகு! கதவுக்குப் பதில், ஏறி இறங்கப் பக்கத்துக்கு ஒரு வெட்டு.

50 வருஷம் தாண்டிவிட்டதால் வின்டேஜ் பதிவு. 2021இல் வந்த விதிப்படி கண்காட்சி, பேரணி போன்ற காரணங்களுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். வண்டியின் மூல வடிவமும் மாறக்கூடாது. அதனால் பாடியில் புதிதாக ஓர் ஓட்டைகூடப் போடக்கூடாது என்பது சொந்தக்காரரின் கண்டிப்பு.

ரெடிமேட் கதவு வாங்கி மாட்டினால் என்ன என்று மாஸ்டரிடம் கேட்டேன்.

“ரெண்டு பக்கமும் ஒரே அளவுன்னு நினைக்கிறீங்களா தம்பி? இந்த டேப்பைப் பிடிங்க.”

பிடித்தேன். அம்மாடி, வலது பக்கம் அரை அங்குலம் கூடுதல்! எத்தனையோ வருஷத்து ஒடுக்கு, தட்டு, வெல்டிங் எல்லாம் சேர்ந்து அந்த வண்டிக்கென்று ஓர் உடம்பை உண்டாக்கியிருக்கின்றன. வலது கதவு இடது பக்கம் சேரவே சேராது.

முதலில் சட்டம். இரும்புக் கம்பியை வளைத்து, பொட்டு வெல்டிங் மட்டும் வைத்து, பழைய துளைகளில் இறக்கிப் பார்க்கிறார் மாஸ்டர். எடுக்கிறார், தட்டுகிறார், மறுபடி இறக்குகிறார். சரியாக உட்கார்ந்த பிறகுதான் முழு வெல்டிங். அடுத்து அந்தச் சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டி, மார்க்கரால் ஓரம் வரைகிறார். அதுதான் பேட்டர்ன். கேன்வாஸை அதைவிடப் பெரிதாக வெட்டுகிறார். கீழ்ஓரம் பாடிக்கு வெளியே தொங்கினால்தான் மழைத்தண்ணி உள்ளே இறங்காமல் வெளியே வடியும்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது ஜன்னலை. கண்ணாடி மாதிரித் தெரியும் பிவிசி ஷீட்டில் குண்டூசி குத்தவே கூடாது. துணியில் விழுந்த துளை நூலை இழுத்துவிட்டால் மூடிக்கொள்ளும், இதில் விழுந்தது விழுந்ததுதான். அதனால் கிளிப் போட்டுப் பிடிக்கிறார். தையல் மெஷினின் பாதமோ பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. மாஸ்டர் நியூஸ்பேப்பரில் ஒரு பட்டை கிழித்து நடுவில் வைத்தார். சர்ரென்று ஓடியது ஊசி! தைத்து முடித்ததும் பேப்பரைத் தையலோரமாகக் கிழித்து எறிந்தார். எனக்குக் கைதட்டத் தோன்றியது, தட்டியும்விட்டேன்.

ஷீட்டை விறைப்பாக இழுத்துத் தைப்பதில்லை. டெல்லி ஜனவரிக் குளிரில் பிவிசி சுருங்கி முறுக்கிக்கொள்ளும், அதற்குக் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். குளிரில் சுருட்டினால் வெடித்தே போகும் என்று எச்சரித்தார். சொந்தக்காரருக்குக் குளிர்தான் கவலை. 1964 முதல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை டெல்லியில் நடத்திவரும் பழைய கார் பேரணியில் ஒருமுறை ஓட்டிவிட வேண்டும் என்று ஆசை. காலைக் காற்றில் கதவில்லாமல் உட்கார முடியாது என்கிறார்.

சாயங்காலம் வலது கதவு துளைக்குள் ‘டக்’கென்று இறங்கியது. மாஸ்டர் ஒரு பக்கெட் தண்ணியை அதன் மேல் வீசினார். ஜிப் மேல் மூடிய பட்டை தாங்கிவிட்டது, முன் மூலையில் மட்டும் இரண்டு சொட்டு. அங்கே மட்டும் தையலைப் பிரித்து இன்னொரு மடிப்பு வைத்தார். மறுபடி பக்கெட். உள்ளே சீட் காய்ந்தே இருந்தது!

இடது கதவு நாளைக்கு. காலையில் முதல் ஆளாக வந்து நிற்கப்போகிறேன். டேப்பின் இன்னொரு முனையை நானே பிடிப்பதாக இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.