மச்சகந்தி வீட்டுப் பாரதம்

பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பத்தின் பெயரில் இருக்கும் கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. 1613இல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டை அது. ஆனால் ராஜா, ராணி, அரண்மனை என்று பேச்செடுத்தால் பழவேற்காட்டு ஏரிக்கரையில் யாரும் அந்த மேட்டைக் காட்டுவதில்லை. அவர்களுக்கு அரண்மனை என்றால் அஸ்தினாபுரம். அந்த அஸ்தினாபுரம் தொலைக்காட்சி வழியாக ஒரு தலைமுறை இடைவெளியில் இரண்டு முறை வந்தது. முதல் முறை 1988இல், பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' தூர்தர்ஷனில். இரண்டாம் முறை 2013இல், ஸ்டார் பிளஸ் ஒளிபரப்ப, விஜய் டி.வி. தமிழில் தந்த 'மகாபாரதம்'.

சோப்ராவின் தொடர் 94 பகுதிகள். வாரம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை காலையில். 1988 அக்டோபர் 2இல் தொடங்கி 1990இன் நடுப்பகுதி வரை ஓடியது. புதிய தொடர் 267 பகுதிகள், ஒரு வருடத்துக்குள் முடிந்தது. பழையதற்கு மொத்தம் சுமார் 9 கோடி ரூபாய் செலவு என்றும், புதியதற்கு 100 கோடி என்றும் செய்திகள் சொல்லின. ரூபாயின் மதிப்பு இடையில் எவ்வளவு சரிந்தது என்பதைக் கழித்துக்கொண்டாலும் வித்தியாசம் பெரியதுதான். அது கண்ணுக்கும் தெரிந்தது. பழைய தொடரில் சபாமண்டபத்துக்குப் பின்னால் வரைந்த திரை; வானத்தில் இரண்டு அம்புகள் நிதானமாக எதிரெதிரே வந்து முட்டிக்கொள்ளும். புதியதில் அரண்மனை மாடங்களைக் கணினி அடுக்கியது. பாண்டவர்கள் ஐவரும் உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து நேராகக் காட்டுக்குப் போனவர்கள் போல இருந்தார்கள்.

பழைய தொடர் வந்த காலத்தில் கடலோரக் குப்பங்களில் வீட்டுக்கு வீடு பெட்டி கிடையாது. சாலிடேர், டயனோரா என்று சென்னையில் செய்த பெட்டி எங்காவது ஒரு வீட்டில், அல்லது பஞ்சாயத்தின் டி.வி. அறையில். மூங்கில் கழியில் ஆன்டெனா. சென்னை அறுபது கிலோமீட்டருக்குள்தான் இருந்ததால் படம் ஓரளவு தெளிவாகவே விழும். இரவு வலைக்குப் போய்த் திரும்பியவர்கள் தூக்கம் கலையாத கண்ணோடு வந்து உட்காருவார்கள். வசனம் முழுக்க இந்தி. அதுவும் சமஸ்கிருதம் தோய்ந்த இந்தி. சில நாளிதழ்கள் அந்த வாரத்து வசனத்தைத் தமிழில் அச்சிட்டன. ஆனால் அதை முன்கூட்டியே படித்துவிட்டு வந்தவர் எத்தனை பேர்?

புரியாத மொழியில் ஒரு தொடரை இரண்டு வருடம் எப்படிப் பார்த்தார்கள் என்று இன்றைய பிள்ளைகள் வியக்கிறார்கள். வியக்க ஒன்றுமில்லை. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரம் முழுவதும் திரௌபதி அம்மன் கோயில்களின் நிலம். தீமிதித் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவு முழுக்கக் கூத்து, கடைசியில் மண்ணில் துரியோதனனைப் படுக்கவைத்துப் படுகளம். கதை அவர்களுக்கு மனப்பாடம். தொலைக்காட்சி அதை எப்படிச் சொல்கிறது என்பதை மட்டும்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ஆகவே எல்லோரும் விமர்சகர்கள். கூத்தில் மரக்கட்டையில் கண்ணாடி பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் கட்டித் துள்ளி வரும் துரியோதனனைப் பார்த்த கண்ணுக்கு, புனீத் இஸ்ஸாரின் துரியோதனன் உடம்பால் பெரியவன், ஆட்டம் போதாது. கூபி பெயின்டலின் சகுனியை யாரும் குறை சொல்லவில்லை. அவர் நடை நொண்டினாலும் கண் பேசியது. முகேஷ் கன்னாவின் பீஷ்மரைக் கண்டு கைகூப்பியவர்கள் உண்டு. நகரத்து ஆங்கிலப் பத்திரிகைகள் ஒட்டுத் தாடியையும் ஜிகினாக் கிரீடத்தையும் கேலி செய்து எழுதின. கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஜிகினா ஒரு குறையாகவே படவில்லை. ஜிகினா இல்லாமல் ராஜா எப்படி?

மீனவர்க்கு இந்தக் கதையில் தனி உரிமை ஒன்றும் உண்டு. பாரதத்தின் தாய்வழி ஒரு ஓடத்திலிருந்து கிளம்புகிறது. செம்படவர் தலைவனின் மகள் சத்தியவதி; மச்சகந்தி என்பது அவள் பழைய பெயர். சந்தனு பெண் கேட்டு வரும்போது அந்தத் தகப்பன், என் மகள் வயிற்றுப் பிள்ளைக்கே அரியணை என்று நிபந்தனை போடுகிறான். தேவவிரதன் பீஷ்மனாவது அந்தப் பேரத்தால்தான். பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் மூன்றுக்கும் ஏரியில் 'பாடு' உரிமை இருக்கிறது. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த உரிமை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். மகள் வழியில் போகாது. அப்படியொரு ஊரில் உட்கார்ந்து, அரசனிடமே மகள் வழி உரிமை கேட்கும் மீனவனைப் பார்ப்பது டெல்லியில் உட்கார்ந்து பார்ப்பதைப் போல இருந்திருக்காது. நகரத்து விமர்சனம் எதிலும் இந்தக் கோணம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

2013இல் மொழித் தடை போயிற்று. அதற்குள் பெட்டியும் வந்துவிட்டிருந்தது. 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் குடிசைகளுக்குள்ளும் நுழைந்திருந்தது. தமிழ்க் குரல்கள் நன்றாகவே அமைந்தன. மொழிமாற்றம் என்பது சில நாளில் மறந்துபோகும் அளவுக்கு வசனம் நின்று பேசியது. குறிப்பாகப் பெண் பாத்திரங்களின் வசனம். பழைய தொடரில் திரௌபதியாக வந்த ரூபா கங்குலி கதறியதை முகத்தை வைத்துத்தான் புரிந்துகொண்டார்கள். புதியதில் பூஜா சர்மாவின் திரௌபதி சபையில் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் சொல் சொல்லாகக் காதில் விழுந்தது. இதைச் சின்ன லாபம் என்று நான் சொல்ல மாட்டேன். தருமன் தன்னைத் தோற்ற பிறகு என்னை வைத்தாடும் உரிமை அவனுக்கு ஏது என்ற கேள்வி, மொழி புரிந்தால்தான் சுடும்.

போனது வேறு: கூடி உட்கார்ந்து பார்ப்பது. அடுப்படியிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்க்கிறாள். பேரன் மறுநாள் கைபேசியில் பார்க்கிறான். கர்ணனுக்காக அழுதவர் தனியாக அழுகிறார். அர்ஜுனனாக வந்த ஷாஹிர் ஷேக்குக்கும் கர்ணனாக வந்த அஹம் சர்மாவுக்கும் ரசிகர் கூட்டங்கள் உருவாயின. நடிகரைப் பற்றிய பேச்சு பெருகியது, பாத்திரத்தைப் பற்றிய வழக்கு குறைந்தது. கர்ணன் செய்தது சரியா என்று பஞ்சாயத்து டி.வி. அறையில் எழுந்த சண்டைக்கு இப்போது இடம் இல்லை. தயாரிப்பாளர்களும் அதை உணர்ந்தவர்கள்போல, பார்வையாளன் தானாக உணர வேண்டிய இடத்திலெல்லாம் பின்னணிப் பாட்டை ஓடவிட்டு, ஒரு பார்வைப் பரிமாற்றத்தை மூன்று முகங்களில் மெதுவாகக் காட்டினார்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை. சோப்ராவின் தொடரும் மெதுவானதுதான். ஆனால் அங்கே மெதுவாக நடந்தது பேச்சு.

2020 மார்ச் ஊரடங்கில் சோப்ராவின் தொடரை டி.டி. பாரதி மறுபடி போட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும் வாய்ப்பு அப்போதுதான் கிடைத்தது. இளையவர்களுக்கு வரைந்த திரையும் முட்டிக்கொள்ளும் அம்புகளும் சிரிப்பு மூட்டின. பெரியவர்கள் சிரிக்கவில்லை; ஆனாலும் அன்று பார்த்த பிரமாண்டம் எங்கே போயிற்று என்று தேடினார்கள்.

உண்மையில் மாறியது அளவுகோல். அன்று கூத்தை வைத்துத் தொடரை அளந்தார்கள். இன்று தொடரை வைத்துக் கூத்தை அளக்கிறார்கள். திரௌபதி வேஷத்தை ஏன் ஓர் ஆண் கட்டுகிறார், கிருஷ்ணன் ஏன் டி.வி.யில் வருவது போலச் சிரிக்கவில்லை என்று கூத்துக் களத்தில் குழந்தைகள் கேட்கிறார்கள். விடிய விடிய உட்காரும் பொறுமையும் குறைந்துவிட்டது. ஆனால் கூத்தில் ஒரு வசதி இருக்கிறது. அதன் கோமாளியான கட்டியக்காரன் எந்த ஊர்ச் செய்தியையும் கதைக்குள் இழுத்துக்கொள்ளலாம். எனவே இப்போது அவன் தொடரையும் இழுக்கிறான். ராஜாவைப் பார்த்து, அந்த மெதுவான பார்வையை அப்படியே செய்து காட்டி, பின்னணிப் பாட்டையும் தானே முனகுகிறான். கூட்டம் வெடித்துச் சிரிக்கிறது, குழந்தைகளும் சேர்ந்து. தொடரை அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்களே.