சராசரி மழையும் தோட்டஞ் செய்வோர் தீர்மானமும்

கொழும்பில் ஒக்டோபர் மாதத்தில் சராசரியாக ஏறத்தாழ 350 மில்லிமீற்றர் மழை பெய்யும். ஆயினும் 1992ஆம் ஆண்டு யூன் 4ஆந் திகதி ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெய்தது. பாத்தியை அழிப்பது சராசரி மழையன்று; இத்தகைய அரிய மழையே. ஆகவே தோட்டஞ் செய்வோர் சராசரி ஒன்றை மட்டும் நம்புதல் தகாது.

பரம்பல் என்றால் என்ன?

பல்லாண்டு மழைக் குறிப்புகளை எடுத்து, எவ்வளவு மழை எத்தனை ஆண்டுகளிற் பெய்தது என எண்ணி வரைதல் வேண்டும். அடிக்கடி பெய்த அளவுகள் உயர்ந்தும், அரிய பெருமழைகள் வால்போல் நீண்டு தாழ்ந்தும் தோன்றும். இதுவே நிகழ்தகவுப் பரம்பலாகும். இலங்கையின் விவசாயச் சூழலியற் பிரதேசங்களை வகுத்தபோதும், சராசரி மழையன்றி, நான்கு ஆண்டுகளில் மூன்றிலேனும் எதிர்பார்க்கத்தக்க மழையே அடிப்படையாகக் கொள்ளப்பட்டது.

தீர்மானப் பகுப்பாய்வுக்கான கணினி மென்பொருள், இப்பரம்பலிலிருந்து ஆயிரக்கணக்கான தடவை மழையளவை எழுமாறாக எடுத்து, ஒவ்வொரு தடவைக்கும் நட்டத்தைக் கணிக்கின்றது. இதனை மொண்டே காளோ முறை என்பர். விடையாகக் கிடைப்பது தனியோர் எண்ணன்று. எவ்வளவு நட்டம் எத்தனை தடவை நேரும் என்பதைக் காட்டும் மற்றொரு பரம்பலாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

இப்போகத்தில் பயிரைக் கெடுக்கும் பெருமழை பெய்யும் வாய்ப்பு பத்தில் மூன்று எனக் கொள்வோம். காப்புச் செலவு 1,500 ரூபா. வெள்ளவத்தையில் தாழ்ந்த நிலத்தில் மிளகாய் நட்டவருக்குப் பெருமழையால் 6,000 ரூபா நட்டம் நேருமெனின், எதிர்பார்க்கத்தக்க நட்டம் 1,800 ரூபா. அவர் பாத்தியை உயர்த்தி வடிகால் வெட்டுதல் நன்று. கொட்டாஞ்சேனையில் மொட்டைமாடிச் சாடிகளில் நட்டவருக்கு 2,000 ரூபா மட்டுமே நட்டமெனின், அது 600 ரூபா. அவருக்கு அச்செலவு வேண்டியதில்லை. மழை ஒன்றே, தீர்மானமோ வேறு.

கவனிக்க வேண்டியவை

1. குறிப்புகள் இல்லாதவிடத்து, சந்தை விலை போன்றவற்றிற்கு மிகக் குறைந்த, பெரும்பாலும் நிகழக்கூடிய, மிகக் கூடிய அளவுகள் மூன்றையுங் கொடுத்து முக்கோணப் பரம்பலைப் பயன்படுத்தலாம்.

2. தாம் கண்ட ஆண்டுகளை மட்டும் நினைந்து எல்லைகளைக் குறுக்குதல் பெருந்தவறு. 1992ஆம் ஆண்டு மழையை மறத்தலாகாது.

3. ஒரு முறை நட்டமடைந்தால் மீள முடியாதவர், கணக்கில் மிச்சந் தோன்றாவிடினும் காப்பைத் தேடுதல் நன்று.

கணினி மழையை முன்னறிந்து சொல்வதில்லை. அறியாமையின் அளவை அறிந்து, அதற்கேற்ப நடக்கவே அது துணை செய்கின்றது.